கேட்டறிய வேண்டிய நோய்: பெண்களின் இடுப்புத் தளத் தளர்ச்சி

பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்புற எலும்பு முதல் வாலெலும்பு வரை, தசைகளும் தசைநார்களும் ஒரு தூளிபோல் அமைந்துள்ளன. இதற்கு இடுப்புத் தளம் என்று பெயர். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்குவதும், சிறுநீரையும் மலத்தையும் அடக்க உதவுவதும் இதன் தொழிலாகும். இத்தளம் தளர்ந்தால் இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும். சிலருக்கு மலமும் வாயுவும் அடங்கா. சிலருக்குக் கருப்பையோ யோனிச் சுவரோ கீழிறங்கும். கருப்பை இறக்கத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 'அடி தள்ளுதல்' என்பர்.

பல பிரசவங்கள், நெடுநேரம் நீடித்த பிரசவ வேதனை, கருப்பை வாய் முழுதும் திறக்குமுன் முக்கச் செய்தல், ஆயுதப் பிரசவம் ஆகியவை இத்தசைகளைச் சிதைக்கின்றன. மாதவிலக்கு நின்ற பின் தசைநார்கள் மேலும் மெலிகின்றன. நாட்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், பெருஞ்சுமை தூக்குதல் ஆகியவை அடிவயிற்றில் அழுத்தத்தைப் பெருக்கித் தீங்கை வளர்க்கின்றன.

இத்தகைய நோய்களால் எத்தனை பெண்கள் துன்புறுகின்றனர் என்பதை மருத்துவமனைப் பதிவேடு காட்டாது. அது வந்தவர்களை மட்டுமே எண்ணும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்து இரு சிற்றூர்களில் 650 பெண்களை ராணி பாங்கும் அவர்தம் குழுவினரும் பரிசோதித்து, 1989 இல் முடிவுகளை வெளியிட்டனர். 92 விழுக்காட்டினரிடம் ஏதேனும் ஒரு பெண்மைநோய் காணப்பட்டது. ஆயின் அதற்கு முன்னர் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டிருந்தோர் 8 விழுக்காட்டினரே.

கர்நாடகத்திலும் இவ்வகை ஆராய்ச்சி நடைபெற்றது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பாட்டியாவும் லண்டனைச் சேர்ந்த கிளீலண்டும் அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார் சுமார் 3,600 பேரை விசாரித்து 1995 இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமக்கு ஏதேனும் ஓர் அறிகுறி இருப்பதாகக் கூறினர். அடுத்து 1997 இல் வெளியான ஆய்வில், 385 தாய்மாரின் வாய்மொழி, மருத்துவரின் பரிசோதனை, ஆய்வுக்கூடச் சோதனை ஆகிய மூன்றும் சேர்த்து ஆராயப்பட்டன. இவ்வாய்வுகள் இடுப்புத் தளத்தை மட்டும் பற்றியவை அல்ல. பெண்மைநோய்கள் பலவற்றையும் தழுவியவை. எனினும் இங்கு வேண்டும் பாடத்தை அவை கற்பிக்கின்றன. நோயாளி சொல்வது ஒன்று, பரிசோதனை காட்டுவது மற்றொன்று. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை முடிவு செய்தலாகாது.

சொல்லாமைக்குக் காரணம் நாணம் மட்டுமன்று. பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்பே என்ற எண்ணமும் உண்டு. செங்கற்பட்டுப் பகுதியில் 1981 முதல் இயங்கிவரும் கிராமப்புற மகளிர் அமைப்பொன்றின் துணையுடன் சுந்தரி ரவீந்திரனும் பிறரும் நடத்திய ஆய்வு 1999 இல் வெளிவந்தது. கருப்பை இறங்கிய பெண்கள் பலர் சிகிச்சையின்றி ஆண்டுக்கணக்காகக் கடும் உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என்பதை அது எடுத்துக்காட்டிற்று.

ஆகவே களப்பணியாளரின் கேள்வியே முதற் கருவியாகும். "உடம்புக்கு ஏதேனும் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்பதே விடையாகும். "இருமினால் சிறுநீர் கசிகிறதா? கீழே ஏதேனும் தட்டுப்படுகிறதா? சிறுநீர் கழிக்க அதை உள்ளே தள்ள வேண்டியிருக்கிறதா? கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறீர்களா?" என்று தனியிடத்தில், மாமியாரும் கணவரும் இல்லாதபோது, ஒவ்வொன்றாகக் கேட்டல் வேண்டும்.

கேட்டபின் செய்வதற்கும் வழியுண்டு. 1948 இல் அமெரிக்க மருத்துவர் கெகல் இத்தசைகளுக்குரிய பயிற்சியை விளக்கினார். வாயுவை அடக்குவதுபோல் தசையை உள்நோக்கிச் சுருக்கி, மூச்சை அடக்காமல் சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்துக. ஒரு வேளைக்கு எட்டு முறையேனும், நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்தல் வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது செய்தலாகாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் உறுப்பிறக்கமுற்ற 447 பெண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2014 இல் வெளியாயிற்று. தனித்தனியே பயிற்சி கற்பிக்கப்பெற்றோருக்கு ஓராண்டின் முடிவில் துன்பம் குறைந்திருந்தது.

பயிற்சி போதாதவிடத்து யோனியில் பொருத்தும் தாங்கு வளையம் உண்டு. அதுவும் போதாதாயின் அறுவை சிகிச்சை உண்டு. அறுவை எனில் கருப்பையை எடுத்துவிடுவதே என்று கொள்ளற்க. கருப்பையை நீக்காமல் பட்டையால் தாங்கி நிறுத்தும் முறைகளை மும்பையின் ஷிரோட்கர் முதலிய இந்திய மருத்துவர்களே வகுத்துள்ளனர்.

சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், இறங்கிய உறுப்பில் புண், மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு ஆகியவை காணின் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புக. பிரசவத்திற்குப்பின் சிறுநீர் இடைவிடாது ஒழுகுமாயின் அது வெறுந் தளர்ச்சியன்று. சிறுநீர்ப்பையில் துளை விழுந்திருக்கலாம். அதற்குப் பயிற்சி பயன்படாது. மருத்துவரிடம் உடனே அனுப்புதல் வேண்டும்.

ஆசிரியைகள் உடலியல் பாடத்தில் இத்தசைகளின் பெயரையும் தொழிலையும் தயக்கமின்றிக் கற்பிக்கலாம். பெயர் அறிந்த நோயைச் சொல்லப் பெண்ணுக்குச் சொல் கிடைக்கிறது. சொல்லப்பட்ட நோய்க்கே சிகிச்சை தொடங்குகிறது.