திறன் என்னும் சொல்லும் நிலைமிதிவண்டியும்

பேச்சுவழக்கில் ஆற்றலும் திறனும் ஒன்றே. அறிவியல் தமிழில் அவை வேறு. ஒரு நொடியில் செய்யப்படும் வேலையே திறன். மடத்துக்குளத்து உழவர் தம் கிணற்று மோட்டாரின் குதிரைத்திறனை நன்கறிவர். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மிதிப்பவரின் திறனை அறிவது எங்ஙனம்?

உராய்வுப் பட்டை பொருத்திய நிலைமிதிவண்டி ஒன்றைக் கொள்வோம். ஒருமுறை மிதிசுற்றினால் அதன் சக்கர விளிம்பு 6 மீட்டர் நகரும். பட்டையின் தடை 2 கிலோ எடைக்கு, அதாவது 19.6 நியூட்டனுக்குச் சமம் என்க. நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் வேகம் நொடிக்கு 6 மீட்டர். விசையை வேகத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 118 வாட். குதிரைத்திறனில் ஆறிலொரு பங்கினும் சற்றுக் குறைவே. சங்கிலியில் இழப்பு உண்டாதலின், கால்கள் தருவது இதனினும் சிறிது மிகும்.

வேகத்தை மட்டும் நோக்கிக் கணிப்பது பிழை. தடை இரட்டித்தால் அதே வேகத்தில் திறனும் இரட்டிக்கும். ஒரு மணி நேரம் மிதித்தாலும் திறன் அதே 118 வாட். வளர்வது செலவாகும் ஆற்றலே. மாணவர்களே, இரு சொற்களையும் மயக்கினால் கணக்கும் மயங்கும்.