பசித்த மண்ணில் பூப்பவை

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மண் பரிசோதனை அட்டையைப் பார்த்துவிட்டுத் தாத்தா, "இது ஒன்றுக்கும் உதவாத மண்" என்றாராம். விவசாயியாக அவர் சொன்னது சரி. ஆனால் சத்தில்லாத மண்ணெல்லாம் வீண் என்று நீயும் முடிவு கட்டிவிட்டாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. அவற்றில் மக்கள் வாழும் வடகோடித் தீவு அன்ஸ்ட். அங்கே கீன் ஆஃப் ஹமார் என்றொரு குன்று. உயரம் நூறு மீட்டர்கூட வராது. ஆனாலும் குளிரும் ஓயாத காற்றும் அதைப் பெரிய மலையுச்சிபோல ஆக்கிவைத்திருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஜல்லி கொட்டிய மைதானம்தான்.

அந்த ஜல்லி செர்பென்டைன் பாறையின் உடைசல். ஒரு காலத்தில் கடலடிக்கும் கீழே கிடந்தது, நிலத்தட்டுகள் மோதியபோது மேலே வந்தது. அதில் நிக்கலும் குரோமியமும் மக்னீசியமும் மிகுதி. சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் குறைவு. 1817இல் அன்ஸ்டில் குரோமியத் தாது இருப்பதைக் கண்டுபிடித்து, பிறகு சுரங்கமே தோண்டினார்கள்.

இந்த இடத்தில்தான் 1837இல் தாமஸ் எட்மண்ட்ஸ்டன் என்ற பையன் புதிதாக ஒரு செடியைப் பார்த்தான். வயது பதினொன்றோ பன்னிரண்டோதான், உன்னைவிடச் சின்னவன்! தரையோடு ஒட்டிய சிறு செடி. கருஞ்சிவப்பு படர்ந்த, ரோமம் அடர்ந்த குட்டி இலைகள். அந்த உடம்புக்குச் சற்றும் பொருந்தாத பெரிய வெள்ளைப் பூ. எட்மண்ட்ஸ்டன் சிக்வீட் என்று இன்றும் அவன் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். அன்ஸ்டைத் தவிர உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. பையன் ஷெட்லாந்துத் தாவரங்கள் பற்றி நூலும் எழுதினான். இருபது வயதில், கப்பல் பயணத்தின்போது, தென் அமெரிக்கக் கரையில் தற்செயலாகத் துப்பாக்கி வெடித்து இறந்துபோனான்.

நிக்கல் நஞ்சுதானே, அதனால்தான் குன்று மொட்டையாக இருக்கிறது என்று நீ நினைப்பாய். ஆய்வாளர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு சில துண்டு நிலங்களில் உரம் போட்டுப் பார்த்தார்கள். செடிகள் நெருங்கி வளர்ந்து வெற்றுத் தரையை மூடின. ஆக, அங்கே பெரிய தடை மணிச்சத்துப் பஞ்சம். மழைநீர் தங்காத சரளையும் அதற்குத் துணை. உரம் விழுந்தால் புல் ஓங்கும். காலத்துக்கும் பட்டினிக்குப் பழகிய சின்னச் செடி அந்தப் புல்லின் நிழலில் தாக்குப்பிடிக்காது. நாம் இரக்கப்பட்டுச் செய்யும் உதவியே அதைக் கொன்றுவிடும். அதனால்தான் அந்தக் குன்றைத் தேசிய இயற்கைக் காப்பகமாக வைத்து, ஏழை மண்ணை ஏழையாகவே விட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான பராமரிப்பு.

இலங்கையின் தென்கரையில் உஸ்ஸங்கொடையிலும் இதே வகைப் பாறை உண்டு. அங்கே வளரும் விஷ்ணுகிராந்தியும் ஓரிதழ்த்தாமரையும் நிக்கலை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைப்பதாக ஆய்வில் தெரிந்தது. நம் பாட்டிமார் மருந்துக்குப் பறிக்கும் மூலிகைகள்தாம் இரண்டும்! மூலிகை எந்த மண்ணில் முளைத்தது என்று விசாரிக்காமல் வாங்குவது அவ்வளவு நல்லதல்ல.

விடுமுறையில் உங்கள் ஊர்ச் சரளைமேட்டுக்குப் போனால் பாறை இடுக்குகளைக் குனிந்து பார். கண்ட செடிகளைப் படம் எடுத்து அனுப்பு, பிடுங்காதே. தாத்தாவிடம் சொல்லி அந்த மேட்டில் எரு கொட்டாமலும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா