விண்டோஸ் புதுசு, வேகம் பழசு: சேரன்மகாதேவி வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பில் இப்போது உங்கள் மகள் படிக்கிறாள். ரொம்பப் பைய ஓடுகிறதே என்று திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், உங்கள் ஃபைல்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் 10 போட்டு வாங்கி வந்தீர்கள். அப்படியும் சுணக்கம் தீரவில்லை. முன்னைவிட மோசமாகத்தான் இருக்கிறது. ‘இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்னும் சில வருஷம் அது உங்கள் வீட்டுக்கு உழைக்கும் என்றே நம்புகிறேன்.

இந்தக் கேள்வி உங்கள் வீட்டோடு நிற்பதில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த சுமார் 50 லட்சம் லேப்டாப்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்கு வந்தன. பாபநாசம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, தாமிரபரணிக் கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஆரம்ப வருஷங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரையும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுத் தந்தார்கள். அந்தச் சுமையைத் தாங்கத்தான் அந்த மெஷின். விண்டோஸ் 10-இன் 64 பிட் வடிவத்துக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச ரேமே 2 ஜிபி. அந்த அளவில் அது ஆன் ஆகும். அதற்குமேல் பிரவுசரைத் திறந்து பாடம் படிக்க இடம் மிஞ்சாது.

ஆனாலும் நீங்கள் செலவழித்த காசு வீணில்லை. பல வருஷக் குப்பை, தேவையில்லாத புரோகிராம்கள், பழைய வைரஸ் எல்லாம் போய்விட்டன. அப்படியும் மெஷின் திணறுகிறது என்றால், கோளாறு பழைய சாஃப்ட்வேரில் இல்லை என்பது தெரிந்துவிட்டது. இனி பார்க்க வேண்டியவை டிஸ்க், ரேம், சூடு, கரண்ட். எதற்காக அது காத்து நிற்கிறது என்று கண்டுபிடிக்காமல் மறுபடி மறுபடி விண்டோஸ் போடுவதில் பயனில்லை.

முதலில் அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். புதிதாகப் போட்ட விண்டோஸ், முதல் ஒன்றிரண்டு நாள் பின்னணியில் ஓயாமல் வேலை பார்க்கும். அப்டேட்டுகளை இறக்கும், டிஃபென்டர் எல்லா ஃபைலையும் சோதிக்கும், தேடுவதற்கான அட்டவணை தயாரிக்கும். இன்டர்நெட் இணைப்போடு, சார்ஜரைச் செருகி, ஸ்லீப் போகாதபடி வைத்து, ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

மறுநாள் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். நீங்கள் எதுவும் செய்யாதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? இந்த வயது லேப்டாப்பில் அநேகமாக அப்படித்தான் இருக்கும். காரணம் இதுதான்: பழைய ஹார்டு டிஸ்க்கில் தகடு நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை எடுக்க, அதன் கை ஒவ்வொரு முறையும் இடம் மாறி, தகடு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்படி விநாடிக்கு 100 முறை எடுப்பதே அதற்குக் கஷ்டம். சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யோ பல்லாயிரம் முறை எடுக்கும். ரேம் போதாதபோது விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில்தான் எழுதி எழுதி எடுக்கிறது. ஆகவே ரேம் பற்றாக்குறையும் டிஸ்க் சுணக்கமாகவே வெளியே தெரியும்.

டிஸ்க் மெதுவானது மட்டும்தானா, சாகப் போகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராம் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். நீலம் வந்தால் கவலையில்லை. மஞ்சளோ சிவப்போ வந்தால் வேறு எந்த வேலையும் செய்யாமல் முக்கியமான ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரி செத்துப்போன லேப்டாப்பைச் சார்ஜரில் மட்டும் ஓட்டுகிற வீடுகளில், கரண்ட் போகும்போதெல்லாம் அது படக்கென்று அணைகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று டிஸ்க் கெடும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நனைந்து, காயவைத்து எடுத்த மெஷின் என்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது சூடு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் சிபியு வேகத்தைப் பாருங்கள். பேஸ் ஸ்பீடு 2.10 என்று போட்டிருக்க, வேலை நடக்கும்போதும் 0.78-லேயே நின்றால், மெஷின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பாளையங்கோட்டை வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த வெக்கையில் லேப்டாப்பைப் பாயிலோ மெத்தையிலோ வைத்தால் அடியில் காற்று போகாது. உள்ளே ஃபேனுக்குப் பக்கத்திலுள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்கிடையே தூசி படிந்து கெட்டியாகிவிடும். பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூளும் சேரும். சிபியுவின் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் பத்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். கழற்றித் துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவுவது சின்ன வேலைதான். சூடே இல்லாமல் வேகம் குறைந்தால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். வேறு கம்பெனி சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால், சில லேப்டாப்கள் சிபியுவை அடக்கியே ஓட்டும். பேட்டரி உப்பி டச்பேட் மேலே எழும்பியிருந்தால் மட்டும் உடனே அணைத்துக் கடையில் கொடுங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

டிரைவரையும் பார்த்துவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் டிஸ்ப்ளே டிரைவர் ஏறவில்லை. வீடியோ திக்கித் திக்கி ஓடும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்குங்கள். வேகத்தைத் தவிர இன்னொன்று: அப்பாவின் பழைய கடிதங்கள் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன என்று வருந்தியிருந்தீர்கள். அவை அழியவில்லை. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும்; அந்த எழுத்துரு பழைய விண்டோஸோடு சேர்ந்து போய்விட்டது. திரும்பப் போட்டால் தமிழ் தெரியும். தெரிந்ததும் யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். இனி எந்த மெஷினிலும் படிக்கலாம்.

இனி காசு எங்கே போடுவது? முதல் ரூபாய் எஸ்.எஸ்.டி.க்கு. பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில், இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அப்படியே உட்காரும். அடுத்தது ரேமை 4 ஜிபியாக உயர்த்துவது. பழைய விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கே திரும்பினால் கூடுதல் ரேம் பயன்படாது. அது 2 ஜிபிக்குமேல் தொடாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த வயது மெஷினை ஏற்காது. எனவே லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. வடிவத்தைப் பரிந்துரைக்கிறேன். அதைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதுவும் மாறாது. அதில் மெஷின் சுறுசுறுப்பாக இருந்தால், சிபியு நன்றாக இருக்கிறது, அநேகமாக டிஸ்க்தான் வில்லன் என்று தெரிந்துவிடும்.

கடைத் தம்பியிடம் தயங்காமல் கேளுங்கள்: போட்டது முழு விண்டோஸா, வெட்டிச் சுருக்கிய ‘லைட்’ காப்பியா? ஆக்டிவேஷனுக்குக் கிராக் ஓட்டினாரா? கிராக்கோடு சேர்ந்து வைரஸ் ஏறினால், துடைத்து எடுத்த மெஷின் முதல் நாளே அழுக்காகிவிடும்.

உங்கள் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். தன் மெஷின் எதனால் நிற்கிறது என்று தானே பார்த்துச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தக் கடையிலும் யாரும் ஏமாற்ற முடியாது. இன்று மாலை முதல் வேலையாக அப்பாவின் கடிதங்களையும் குடும்பப் படங்களையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பிறகு டிஸ்க் எத்தனை சதவீதம், சிபியு வேகம் எவ்வளவு, ரேம் எத்தனை ஜிபி என்ற மூன்றையும் குறித்து எனக்கு எழுதுங்கள். எஸ்.எஸ்.டி. வாங்குவதா, பேஸ்ட் தடவினால் போதுமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்