இளநீரும் இரண்டு நாள் இடைவெளியும்

நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். ஆயினும் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்த சில விஷயங்களை நம் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் செய்த ஒரு தவறுதான் அதற்குக் காரணம்.

சித்தூரில் இருக்கும் என் மைத்துனருக்குத் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் டயாலிசிஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று இரண்டு இளநீர் வாங்கிப் போய் நானே வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை அவரால் கால் ஊன்றி நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் பொட்டாசியம் 7.1. தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கக்கூடும் என்றார் டாக்டர்.

பொட்டாசியம் ஏன் தேங்குகிறது?

தசைகளும் இதயமும் இயங்கப் பொட்டாசியம் தேவை. இரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்குச் சுமார் 3.5 முதல் 5 மில்லிமோல். மிஞ்சுவதில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நீராவி எஞ்சினில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு பாய்லரிலேயே தங்கும்; அவ்வப்போது வால்வைத் திறந்து அதை வெளியேற்றுவோம். டயாலிசிஸ் அப்படிப்பட்ட வால்வு. ஆனால் வாரம் மூன்று முறைதான் திறக்கும். வெள்ளிக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட காலமே நீண்டது. நம் வீடுகளில் விருந்தும் உறவினர் வருகையும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான்!

கவனிக்க வேண்டியவை

1. 300 மி.லி. இளநீரில் 500 மி.கிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நாள் முழுவதற்குமே பொதுவாக 2000 முதல் 3000 மி.கிராம் வரைதான் அனுமதிப்பார்கள். நேந்திரம்பழம், அதன் வறுவல், பலாப்பழம், சேனை, மரவள்ளி, உருளைக்கிழங்கு, பேரீச்சை ஆகியவற்றிலும் இது அதிகம். மறையூர் வெல்லமானாலும் வெல்லம் வெல்லமே. அதிலும் பொட்டாசியம் உண்டு.

2. சோறு, ஆப்பிள், அன்னாசி, சுரைக்காய், முட்டைக்கோஸ் ஆகியவற்றில் குறைவு. ஆனால் அளவு மீறினால் இவையும் கூடுதலே.

3. காய்கறிகளைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு சமையுங்கள். வடித்த தண்ணீரை ரசத்தில் சேர்க்கக் கூடாது. ஆவியில் வேகவைப்பதால் இந்தப் பலன் கிடைக்காது.

4. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். நல்லது என்று நினைத்து வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

5. நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சுப்பொருள் இவர்களுடைய மூளையைப் பாதிக்கும்.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு

2018, 2020 மழைகளில் மூணாறு பக்கம் சாலைகள் துண்டிக்கப்பட்டதை நாம் மறக்க முடியாது. மழை வலுக்கும் என்று தெரிந்தால் டயாலிசிஸை ஒரு நாள் முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முறை தவறும் நிலை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, உணவையும் தண்ணீரையும் எப்படிக் குறைப்பது என்று கேட்டு நடங்கள்.

கை கால் தளர்ச்சி, மரத்துப்போதல், படபடப்பு, நாடித் துடிப்பு குறைதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஒருவருக்குச் சொன்ன அளவு மற்றவருக்குப் பொருந்தாது. உங்கள் டாக்டர் சொல்வதே கணக்கு.

மைத்துனர் இப்போது நலமாக இருக்கிறார். அவர் வீட்டுக்கு நான் ஓர் ஆப்பிள் மட்டுமே எடுத்துப் போகிறேன், அதுவும் என் தங்கையைக் கேட்டுவிட்டுத்தான்.