தெரிந்த சொல்தான், பொருள்தான் வேறு

கல்வி உதவித்தொகை விண்ணப்பம், வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், வங்கிக் கடிதம் என்று ஏதேனும் ஓர் ஆங்கிலத் தாள் வராத வீடு இன்று இல்லை. அதில் கடினமான சொல் இருந்தால் அகராதியைப் புரட்டுகிறோம், படித்தவர்களிடம் கேட்கிறோம். அன்றாடம் வாயில் புழங்கும் எளிய சொல் வந்தால், “இது தெரிந்ததுதானே” என்று கடந்துபோகிறோம். இடறுவது பெரும்பாலும் அங்கேதான்.

மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இது புதிய பாடம் அல்ல. அடிநாக்கில் பிறக்கும் காஃப் எழுத்தோடு ‘கல்ப்’ என்றால் இதயம். அதற்குச் சற்று முன்னே பிறக்கும் மற்றொரு காஃப் எழுத்தோடு சொன்னால் நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அரபியில் காட்டும் அந்தக் கவனத்தை ஆங்கிலத்திலும் காட்டினால் போதும்.

1. நம் ஊரில் பொருள் மாறிய சொற்கள்

‘டவுட்’: பாடத்தில் புரியாததைக் கேட்க “ஒரு டவுட்” என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ஐயம், நம்பிக்கையின்மை என்று பொருள். “உங்கள் படிப்பைப் பற்றி எனக்கு ஒரு டவுட்” என்று வெளிநாட்டுக் கல்லூரிக்கு எழுதினால், அதன் தரத்தைச் சந்தேகிப்பதாக எண்ணக்கூடும். ‘கொஸ்டின்’ என்றே எழுதுங்கள்.

‘பாஸ்ட் அவுட்’: பட்டப்படிப்பை முடித்ததை இங்கே இப்படிச் சொல்வது வழக்கம். வெளிநாட்டவருக்கோ மயங்கி விழுந்ததுதான் முதலில் நினைவுக்கு வரும். வேலை விண்ணப்பத்தில் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதுவதே சரி.

‘ரிவர்ட்’: பதில் அனுப்புங்கள் என்பதற்கு இந்திய அலுவலகங்களில் இந்தச் சொல் புழங்குகிறது. முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது என்பதே இதன் பழைய பொருள். இஸ்லாத்தைத் தழுவியவர்கள் தங்களை ‘ரிவர்ட்’ என்று சொல்லிக்கொள்வதும் இந்தப் பொருளில்தான். பிறப்பின் இயல்பான ஃபித்ராவுக்குத் திரும்பினோம் என்கிறார்கள். பதில் வேண்டுமானால் ‘ரிப்ளை’ போதும்.

‘பிரதர்’: பெரியத்தா மகனும் நமக்கு அண்ணன்தான். ஆனால் விசா படிவத்தில் ‘பிரதர்’ என்றால் உடன்பிறந்தவர் மட்டுமே. பெரியத்தா, சாச்சா, மாமா பிள்ளைகள் எல்லோரும் ‘கசின்’. இதை மாற்றி எழுதினால் தவறான தகவல் தந்ததாகிவிடும்.

2. இரட்டையர் போன்ற சொற்கள்

‘லெண்ட்’ என்றால் கடன் கொடுப்பது, ‘பாரோ’ என்றால் கடன் வாங்குவது. “பேனாவை எனக்கு பாரோ பண்ணு” என்று பிள்ளைகள் சொன்னால் உடனே திருத்துங்கள். கொடுப்பவர் செய்வது ‘லெண்ட்’.

‘பிரின்சிபல்’ என்ற ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டு உண்டு. பி-ஏ-எல் என்று முடிந்தால் கல்லூரி முதல்வர்; கடன் பத்திரத்தில் வந்தால் அசல் தொகை. பி-எல்-இ என்று முடிந்தால் கொள்கை, நெறி.

3. ஒப்பந்தத்தின் சின்னஞ்சிறு சொற்கள்

மாணவர்கள் மதிப்பெண் இழப்பது மேலே சொன்னவற்றில். குடும்பங்கள் பணம் இழப்பது இங்கே. ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

‘ஷல்’, ‘மே’: நிறுவனம் தங்குமிடம் தரும் என்ற வரியில் ‘ஷல்’ இருந்தால் தருவது அதன் கடமை. ‘மே’ இருந்தால் தரலாம், தராமலும் இருக்கலாம். தராவிட்டால் அந்த வரியைக் காட்டிக் கேட்க முடியாது.

‘ப்ரொவைடட்’: உணவு ‘ப்ரொவைடட்’ என்றால் உணவு தரப்படும். அதே சொல்லுக்குப் பின்னே ‘தட்’ சேர்ந்தால் நிபந்தனை ஆகிவிடும். ‘போனஸ் உண்டு, ப்ரொவைடட் தட்...’ என்று வந்தால், அடுத்து வருவது நடந்தால்தான் போனஸ்.

‘இன் லியூ ஆஃப்’: இதற்குப் ‘பதிலாக’ என்று பொருள். சிலர் ‘அதோடு சேர்த்து’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். உணவுக்கு ‘இன் லியூ ஆஃப்’ ஒரு தொகை என்றால், தொகைதான் கிடைக்கும், உணவு கிடைக்காது.

‘பை’, ‘அன்டில்’: விண்ணப்பத்தை 15ஆம் தேதி ‘பை’ கொடுக்கவேண்டும் என்றால், 15க்குள் எந்த நாளிலும் கொடுக்கலாம். ‘அன்டில்’ என்பது அதுவரை தொடர்வதைக் குறிக்கும். 10ஆம் தேதி ‘அன்டில்’ விடுப்பு என்றால் 10ஆம் தேதியும் சேருமா என்ற குழப்பம் ஆங்கிலேயருக்கே உண்டு. எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்; சேரும் என்றால் ‘இன்க்ளூசிவ்’ என்று எழுதித் தருவார்கள்.

4. பெயர்க் கட்டங்கள்

‘கிவன் நேம்’ என்பது நமக்கு இட்ட பெயர். ‘சர்நேம்’ என்பது குடும்பப் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. அதனால் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் மற்றொன்றில் வேறு மாதிரியும் பெயர் ஏறிவிடுகிறது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்கள் வருகை விசாவில் வர ஐக்கிய அரபு அமீரகம் கட்டுப்பாடு விதித்தபோது நம் மக்கள் பட்ட கவலை நினைவிருக்கலாம். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

வீட்டுப் பயிற்சி

பிள்ளைகளிடம் கேளுங்கள்:

அ) வங்கி நமக்கு ‘லெண்ட்’ செய்கிறதா, ‘பாரோ’ செய்கிறதா?
ஆ) சம்பளம் ஆண்டுதோறும் ‘மே’ உயரும் என்றால், உயர்வு உறுதியா?
இ) விடுப்புக்கு ‘இன் லியூ ஆஃப்’ பணம் என்றால், விடுப்பும் உண்டா?

விடைகள்: அ) லெண்ட். ஆ) உறுதி இல்லை. இ) இல்லை, பணம் மட்டுமே.

கையெழுத்திடும் முன் இந்தச் சிறு சொற்களின் கீழ் பென்சிலால் கோடிட்டு, வரி வரியாகப் படியுங்கள். புரியாத வரி ஒன்று மீதமிருந்தாலும் அவசரப்பட வேண்டாம். தாளை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.