சீட்டுக்கு நினைவில்லை

கடையடைத்த பின் கைப்பேசியில் ரம்மி ஆடும் பத்துமலை வட்டாரச் சகோதரர்களே! "இத்தனை முறை தோற்றோம், இனி ஜெயமே" என்பது பிழையான கணக்கு. 52 சீட்டில் ஏஸ் 4. நன்கு கலைத்த கட்டில் முதற்சீட்டு ஏஸாக இருக்க வாய்ப்பு 13-இல் 1. பத்து முறை வராவிடினும், மீண்டும் கலைத்தால் அதே கணக்குத்தான்.

மழையால் வியாபாரம் படுத்தால், ஆத்திரத்தில் மறுநாள் இரட்டிப்புச் சரக்கு எடுப்போமா? கொள்முதல் சரியா என்றல்லவா பார்ப்போம்! ஆட்டத்திலும் நாம் கழித்த சீட்டு சரியா என்று பாருங்கள். வந்த சீட்டை நோகாதீர்கள். இரண்டு ஆட்டம் தோற்றால் எழுந்துவிடுங்கள்.

பணம் வைத்தாலோ அது சூது, மார்க்கம் விலக்கியது. தமிழகத்தில் விட்டதைப் பிடிக்கப் போய்க் கடனாளியாகி உயிரை மாய்த்தோரும் உண்டு. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை இந்தியா 2025-இல் சட்டமியற்றித் தடுத்தது. விட்டதை விட்டதாகவே எழுதி, ஏட்டை மூடுங்கள்.