சொட்டை எண்ணத்தான் வேண்டுமா?

கேள்வி: டிரிப்ஸ் ஏற்றும்போது நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு எண்ணுகிறார். வேகமாக விட்டால் சீக்கிரம் தெம்பு வராதா? – வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வராது. ஐந்து சதவீத குளுக்கோஸ் அரை லிட்டரில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான்; இரண்டு இட்லியின் தெம்பு. தோல் ஷாப் வெக்கையில் வேலை பார்த்துச் சோர்ந்தவர், வாயால் குடிக்க முடிந்தால், ஓ.ஆர்.எஸ். கரைசலே போதும். ஆனால் வேகம் கூடினால் ஆபத்து நிச்சயம் கூடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். பொட்டாசியம் கலந்த பாட்டில் வேகமாக இறங்கினால் இதயமே நின்றுவிடலாம். டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும் ஓரிரு நாளில் தேவைப்படும் அளவு, கசிவு நின்றபின் அதிகமாகிவிடும். அதனால்தான் மருத்துவர் வேகத்தை அடிக்கடி மாற்றுகிறார்.

கணக்கு எளிது. மில்லி அளவை, ஒரு மில்லிக்கான சொட்டு எண்ணிக்கையால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு விடும் டிரிப்ஸ் குழாய் செட்டில் 500 மில்லியை நான்கு மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு. அதே 42 சொட்டில் அந்தப் பாட்டில் தீரப் பன்னிரண்டு மணி நேரமாகும். ஆகவே செட்டின் உறையில் அச்சிட்ட எண்ணைப் பார்க்காமல் எண்ணுவது வீண். ஒருமுறை எண்ணினால் போதாதா என்றால், போதாது: நோயாளி கையை மடக்கினாலும் ஸ்டாண்டின் உயரம் மாறினாலும் வேகம் மாறும். தானாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் வந்துவிட்டதே என்பவர்களுக்கு ஒன்று: அதற்கும் வேகத்தை ஒரு மனிதர்தான் பதிகிறார், தவறாகப் பதிந்தால் தவறாகவே ஏற்றும். உடனிருப்பவர்கள் குழாயில் வேகத்தை மாற்றும் உருளையைத் திருப்பவே கூடாது. கை வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.